திரிகால மணி

சேசு மரி சூசை துணை

மேலத்துறை
10-9-1950

அன்புள்ள தம்பி கிளீட்டஸுக்கு அண்ணன் கபிரியேல் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உன் மைனி தங்கபாயும் சுகம். மலையில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? அட்டை கடிக்கும், காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு நடக்கச் சொல் என்று அம்மா எழுதச் சொன்னாள். உன் கடிதங்களை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். நீ எழுதுகிற நாலு வரி அவளுக்குப் போதவில்லை. "இம்புட்டுத்தான் எழுதியிருக்கானா? பின்பக்கம் பாருலே" என்கிறாள். பி.ஏ. படித்தவன் கொஞ்சம் நீட்டி எழுதினால் என்ன?

காரியத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் லீக் தொடங்குகிறது. இரண்டாம் பிரிவில் எட்டு அணிகள். கடைசியாக வருகிற அணியை இந்த வருடம் முதல் நீக்கிவிடுவார்களாம். நமக்குக் கீழே வேறு பிரிவு இல்லை. விழுந்தால் வெளியேதான். பங்குச் சாமியார் பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். கோயிலுக்குப் பின்னால் உள்ள மணல்வெளியை வலை காயப்போடக் கேட்டுக் கரைமடிக்காரர்கள் நடையாய் நடக்கிறார்கள். லீக்கில் இருக்கிறவரைதான் அது உங்கள் மைதானம், அதற்குப் பிறகு என்னிடம் பேச வராதே என்று சொல்லிவிட்டார்.

போன ஞாயிறு புதுக்கடை அணியோடு பயிற்சி ஆட்டம். தொடங்கப் பிந்தியதால் நடுவிலேயே ஆறு மணி ஆகிவிட்டது. நான் எப்போதும்போல டாஸ் போடும்போதே ரெபரியிடமும் எதிர்க் கேப்டனிடமும் சொல்லியிருந்தேன்: ஆறு மணிக்குக் கோயிலில் திரிகால மணி அடித்தால் நாங்கள் செபம் சொல்ல நிற்போம், ஒன்பது அடியும் முடிகிறவரை பந்தைத் தொடவேண்டாம் என்று. ரெபரி பொன்னுலிங்கம் சார் மணி கேட்டதும் விசில் ஊதி, தாமும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். புதுக்கடைக்காரர்களும் நின்றார்கள். ஒருவன் மட்டும், "மீன்காரன்மாருக்கு மூச்சு வாங்கணும்னா கோயில்ல மணியடிச்சிருவானுவ" என்றான். அவனை மணி முடிந்ததும் பார்த்துக்கொண்டோம்.

ஆட்டமெல்லாம் ஞாயிறுதான். அன்று நாங்கள் கடலுக்குப் போவதில்லை, உனக்கும் ஆபீஸ் இல்லை. சனிக்கிழமை பஸ் ஏறினால் போதும். சென்டர் பார்வர்டு இடத்தில் யாரையும் போடவில்லை.

இப்படிக்கு
அண்ணன் கபிரியேல்


கீரிப்பாறை
24-9-1950

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் முழங்கால், அம்மாவின் இருமல், மைனியின் சுகம் அறிய ஆவல்.

மழை. பத்து நாளாக ரப்பர் மரங்களுக்குக் கத்தி வைக்கவில்லை. பால் இல்லாத நாளில் ஆபீசில் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எல்லாம் ஒரே வயது. எந்தப் பக்கம் கடல் என்று இங்கே நின்று சொல்ல முடியவில்லை.

வேலை இன்னும் தற்காலிகம். மார்ச்சில் நிரந்தரம் செய்வார்கள். செய்யாமலும் போகலாம்.

ஞாயிறு வர இயலாது. எஸ்டேட்டில் ஞாயிறும் வேலை இருக்கிறது. என்ன வேலை என்று நேரில் சொல்கிறேன். என் இடத்தில் வேறு ஆளைப் போடுங்கள்.

சுண்ணாம்பு தடவுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லவும்.

அன்புள்ள
கிளீட்டஸ்


சேசு மரி சூசை துணை

மேலத்துறை
22-10-1950

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். அம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது. என் முழங்கால் மட்டும் படியேறும்போது பேசுகிறது.

முதல் ஆட்டம் தோற்றோம். குளச்சலில், ரெண்டு கோல். பத்துப் பேரோடு ஆடினோம். ரைட் பேக் லாசர் பெண் பார்க்கப் போய்விட்டான். முந்தின நாள் அவனைப் பிடித்துக் கேட்டேன். "கேப்டனே, பந்து அடுத்த ஞாயிறும் உருளும். பெண்ணு வீட்டுக்காரன் அதுவரை நிப்பானா?" என்றான். பெண்ணும் அமையவில்லை. ஆட்டமும் போயிற்று.

கருவாடு வாங்க வருகிற சேக் மைதீன் சாகிபை உனக்குத் தெரியும். எஸ்டேட் குடியிருப்புகளுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர். நேற்று வந்தார். "உனக்க தம்பி மலையில பந்து களிக்கான் கேட்டியா. காலில பூட்ஸு. தொரை நின்னு கைதட்டுகாரு" என்றார். வேறு யாரையாவது பார்த்திருப்பீர் என்றேன். "அந்த ஓட்டம் வேற எவனுக்கு உண்டு?" என்று கேட்டுவிட்டுக் கருவாட்டைக் கட்டினார்.

மலையிலும் பந்து உண்டு என்பது சந்தோஷம். கால் மறந்துபோகாது. எந்த நாளில் ஆடுகிறீர்கள்?

இப்படிக்கு
அண்ணன் கபிரியேல்


கீரிப்பாறை
12-11-1950

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமே. அங்கு அனைவர் நலமும் நாடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறோம்.

இதற்கு முன் மூன்று தடவை தாள் எடுத்தேன். மூன்று தடவையும் மழையைப் பற்றி எழுதிக் கிழித்தேன். இன்று மழை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சென்ற வருடம் ஒரு அணி விலகியது. அந்த இடத்தில் எங்கள் எஸ்டேட் கம்பெனி பேரில் சேர்ந்திருக்கிறது, பட்டியலைப் பார்த்து உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதே லீக். அதே இரண்டாம் பிரிவு. துரைக்குப் பந்து என்றால் பைத்தியம். வேலைக்குக் கேட்க வந்த அன்று என் சான்றிதழை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை. "கடற்கரைக்காரனா, பந்து ஆடுவாயா?" என்று கேட்டார். ஆடுவேன் என்றேன். வேலை கிடைத்தது. அதை உங்களிடம் பி.ஏ.வுக்குக் கிடைத்தது என்று எழுதினேன்.

என்னைக் கேப்டன் ஆக்கியிருக்கிறார். அணி லீக்கில் நிலைத்தால் தற்காலிகக்காரர்கள் நிரந்தரம். இல்லாவிட்டால் அணியும் இல்லை, அணிக்காக எடுத்த ஆட்களும் இல்லை. இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நீங்கள் கடலுக்குப் போய் என்னைப் படிக்கவைத்தீர்கள். திரும்பி வந்து கட்டுமரம் தள்ள எனக்குத் தெரியாது. அதற்கும் நீங்கள்தான் காரணம் என்று சில நாள் கோபம் வருகிறது. வரக்கூடாது. வருகிறது.

பதில் எழுதவும்.

கிளீட்டஸ்


சேசு மரி சூசை துணை

மேலத்துறை
10-12-1950

தம்பி கிளீட்டஸ் அறிய,

சவேரியார் திருநாள் முடிந்தது. எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். பாதியில் நிறுத்தினேன். "பின்பக்கம்" என்றாள். வாசித்தேன். பிறகு, "அப்போ அவன் நமக்கு எதிரா களிப்பானா? ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் நின்னா நான் எங்கலே நிக்கது?" என்று கேட்டாள். கார்னர் கொடிப் பக்கம் நில்லு என்றேன். அவள் சிரிக்கவில்லை. மைனிதான் சிரித்தாள்.

இதுவரை நாலு ஆட்டம். ரெண்டு தோல்வி, ரெண்டு சமம். லாசருக்குப் பெண் அமைந்துவிட்டது. இனி ஒழுங்காக வருவான் என்று நினைக்கிறேன்.

கடிதம் பிந்தியதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. சாளை மீன் நிறையப் பட்டது.

கபிரியேல்


கீரிப்பாறை
14-1-1951

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன். உங்கள் சுகத்தையும் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

ஆறு ஆட்டம் முடிந்து லீக் ஆபீசிலிருந்து பட்டியல் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எட்டாவது இடம் எங்களுக்கு, மூன்று புள்ளி. ஏழாவது மேலத்துறை, நாலு. மற்றவர்கள் எட்ட முடியாத தூரத்தில். மிச்சம் ஒரே ஆட்டம். பிப்ரவரி நாலு, ஞாயிறு. உங்கள் மைதானத்தில், நாம் இருவரும்.

சமம் செய்தால் உங்களுக்குப் போதும். எங்களுக்கு ஜெயித்தே தீரவேண்டும்.

எனக்குக் காய்ச்சல் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். தினமும் காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். குளிர்ந்திருக்கிறது. வேறு ஆளைக் கேப்டனாகப் போடலாம் என்று துரையிடம் சொன்னேன். "சொந்த ஊர் மணல் உனக்குத்தானே தெரியும்" என்றார்.

நான் என்ன செய்யட்டும்?

அன்புள்ள
கிளீட்டஸ்


சேசு மரி சூசை துணை

மேலத்துறை
23-1-1951

அன்புள்ள மக்கா கிளீட்டஸுக்கு அண்ணன் எழுதுவது.

நாங்கள் சுகம். காய்ச்சல் வரவேண்டும் என்று இனி எழுதாதே. வாசிக்க முடியாமல் முழுங்கினேன். அம்மா, "என்னலே முழுங்குக?" என்று கேட்டாள்.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். வந்து ஆடு. உன் வேலைக்காக நான் விட்டுக்கொடுக்க முடியாது. என் பின்னால் பத்துப் பேர் இருக்கிறார்கள், அந்த மணல் இருக்கிறது. எங்கள் மைதானத்துக்காக நீயும் கால் தளர்த்தாதே. தளர்த்தினால் எனக்குத் தெரியும். உனக்குப் பந்து தட்டச் சொல்லிக்கொடுத்தது யார்?

நேராக ஆடுவோம். யார் ஜெயித்தாலும் முடிந்ததும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ. நெய்மீன் வாங்கி வைப்பேன் என்று மைனி சொல்லியிருக்கிறாள். உங்கள் ஆட்களையும் கூட்டி வா. துரைக்கு மட்டும் காரம் குறைத்து வைக்கலாம்.

மூன்று மணிக்கே வந்துவிடுங்கள். வெயில் இருந்தாலும் வெளிச்சத்தில் முடித்துவிடலாம்.

இப்படிக்கு
அண்ணன் கபிரியேல்


கீரிப்பாறை
8-2-1951

அன்புள்ள அண்ணனுக்கு,

லாரி திரும்பி வந்து சேர்ந்தது. எல்லோரும் சுகம். சாப்பிடாமல் போனதற்கு மைனியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எனக்கே வரிசை தேவைப்படுகிறது.

லாரி வழியில் இருமுறை நின்றது. நாலரைக்குத்தான் ஆட்டம் தொடங்கியது. அது யார் குற்றமும் இல்லை. நாகர்கோவிலிலிருந்து வந்த ரெபரி புதியவர். அதுவும் யார் குற்றமும் இல்லை. முதல் பாதியில் எங்கள் ஆட்களின் பூட்ஸ் மணலில் புதைந்தது. இடைவேளையில் நான் கழற்றிப்போட்டேன். வெறுங்காலில் ஓடியபோது எந்த இடத்தில் மணல் இறுகியிருக்கும், எங்கே உள்வாங்கும் என்று காலுக்கே தெரிந்தது. நீங்கள் இருமுறை என்னிடமிருந்து பந்தைப் பறித்தீர்கள். இரண்டாம் தடவை, "ஏலே, மலையில இதத்தான் படிச்சியா?" என்றீர்கள். நான் சிரித்தேன். கோல் இல்லாமல் ஆறு மணி வரை வந்துவிட்டோம். இன்னும் பத்து நிமிடம்.

பந்து என் காலுக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் எல்லோரும் நின்றிருந்தீர்கள். பதினொரு பேரும். தலை குனிந்து. ரெபரி விசில் ஊதவில்லை. நான் ஓடினேன். யாரும் குறுக்கே வரவில்லை. கோல்கீப்பர் ததேயு கண்ணை மூடியிருந்தான். பந்து அவன் முழங்காலை உரசிக்கொண்டு போனது. அப்போதும் கண் திறக்கவில்லை.

எனக்கு மணி கேட்கவில்லை. கடல் இரைச்சல். எங்கள் ஆட்களின் கூச்சல். என் இடது காது மந்தம், சிறுவயதில் சீழ் வைத்தது, உங்களுக்கே தெரியும். கோயில் அந்தப் பக்கம்தான் இருந்தது.

ரெபரி கோல் கொடுத்தார். நான் கேட்கவில்லை. அவர் கொடுத்தார்.

பதில் எழுதவும்.

கிளீட்டஸ்


கீரிப்பாறை
4-3-1951

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலம் அறிய ஆவல். நாலு வாரமாக ஆவல்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. உத்தரவை உறையிலிருந்து இன்னும் வெளியே எடுக்கவில்லை.

மேலத்துறை எதிர்மனு கொடுத்ததா என்று லீக் ஆபீசில் விசாரித்தேன். வரவில்லை என்றார்கள். ஏன் கொடுக்கவில்லை? கொடுங்கள். செபத்துக்காக நின்றோம் என்று எழுதுங்கள். கமிட்டியில் கேட்பார்கள். என்னையும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் மணி கேட்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

திட்டியாவது எழுதுங்கள். சேக் மைதீன் சாகிபு சரக்கோடு வந்தார். கடற்கரையில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "சாள மலிவு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கிளீட்டஸ்


சேசு மரி சூசை துணை

மேலத்துறை
28-3-1951

தம்பி கிளீட்டஸுக்கு,

உயிர்ப்புத் திருநாள் நல்லபடியாகக் கழிந்தது. அம்மாவுக்கு மறுபடி இருமல், வேறு ஒன்றும் இல்லை. தவக்காலத்தில் கோபத்தோடு கடிதம் எழுதக்கூடாது என்று இருந்தேன். அதனால்தான் பிந்தியது.

லீக்கிலிருந்து நீக்கிய தாள் வந்தது. மறுநாளே கரைமடிக்காரர்கள் வந்து கோல் கம்பங்களுக்கு நடுவில் கயிறு கட்டி வலையைக் காயப்போட்டார்கள். கம்பத்தைப் பிடுங்க வேண்டியது இல்லை, அளவு சரியாக இருக்கிறது என்றார்கள். லாசர் சண்டைக்குப் போனான். நான் பிடித்து இழுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பையன்மார் என்ன செய்வது என்று தெரியாமல் என் வாசலில் வந்து நிற்கிறார்கள். நானும் அவர்களோடு நிற்கிறேன்.

எதிர்மனுவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அந்த வாரமே புதுக்கடைக்குப் போய் ரெபரி பொன்னுலிங்கம் சாரைப் பார்த்தேன். அவருக்கு விதியெல்லாம் தெரியும். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மணியடிச்சா நிப்போம்னு டாஸ் போடும்போ சொன்னீரா? சொல்லியிருந்தா எழுதும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லவில்லை என்றேன்.

"எல்லாத் தடவையும் சொல்லுவீரே! அஞ்சு மணிக்கு முடியுத ஆட்டத்துக்கும் சொல்லுவீரே! ரெபரி புதுசு வேற. அன்னைக்கு என்ன வந்தது?" என்று கத்தினார்.

அவரிடம் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். அன்றைக்கு டாஸ் போடும்போது எதிரில் நீ நின்றாய். உன்னிடம் நான் என்ன சொல்ல? நம் வீட்டில் ஆறு மணிக்கு மணியடிக்கும் என்று யாராவது யாருக்காவது சொன்னது உண்டா?

இன்னொன்று. செபத்தில் எல்லோரும் கண்ணை மூடுவார்கள். நான் கேப்டன் ஆன பிறகு மூடுவதில்லை. முதல் அடி விழுந்தபோது நீ பந்தின்மேல் பாதத்தை வைத்து நிறுத்தினாய். உன் வலது கை சிலுவை போட நெற்றிவரைக்கும் வந்தது. பிறகு கை இறங்கியது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அம்மா உன் காதைப் பற்றிக் கரை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "அவனுக்கு எட்டு வயசில எடது காதில சீழு வச்சதாக்கும். நாந்தான் பூண்டெண்ணெ விட்டேன். பிள்ளைக்குக் கேட்டிருக்காது" என்று. சண்டைக்கு வருகிறவர்களிடமும் சொல்கிறாள், சும்மா போகிறவர்களையும் நிறுத்திச் சொல்கிறாள். சீழ் வைத்தது வலது காதில் என்று எனக்கு ஞாபகம். அவளைத் திருத்தவில்லை.

உன் பூட்ஸ் கார்னர் கொடிப் பக்கம் கிடந்தது. அம்மா எடுத்து வைத்திருந்தாள். சேக் மைதீன் சாகிபிடம் கொடுத்தனுப்புகிறேன். கருவாடும் இருக்கிறது, வெயிலில் வைத்துக்கொள்.

கபிரியேல்


சேசு மரி சூசை துணை

கீரிப்பாறை
22-4-1951

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். அம்மாவின் இருமலுக்குத் தேன் கொடுத்தனுப்புகிறேன். மலைத்தேன்.

பூட்ஸ் வந்தது. உள்ளே மணல் இருந்தது. கொட்டினேன். மறுநாள் பார்த்தேன், மறுபடியும் இருந்தது.

துரை மாற்றலாகிப் போய்விட்டார். புதியவருக்குப் பந்து பிடிக்காது. அணியைக் கலைத்து, லீக்குக்கும் எழுதிவிட்டார். மைதானத்தில் ரப்பர் நாற்றுக்குப் பாத்தி கட்டுகிறார்கள். பாத்திகளின் எண்ணிக்கையை எழுதிக்கொள்வது என் வேலை. நிரந்தர வேலை.

சீழ் வைத்தது வலது காதில்தான்.

மணி கேட்டது, அண்ணா. முதல் அடியிலேயே கேட்டது. ஒன்பதையும் எண்ணினேன். பந்து ததேயுவைத் தாண்டியபோது ஐந்து.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவும். பாதியில் நிறுத்த வேண்டாம். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

கிளீட்டஸ்